பெற்றோரை மதிப்பிடப் போகும்போது பிள்ளையை மறக்கிறோம்: களத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய ஒரு சமூக விசாரணை அறிக்கை இப்படித் தொடங்கியது: "வீடு சுகாதாரமாக இல்லை. பாத்திரங்கள் கழுவப்படாமல் கிடந்தன. தாய் ஒத்துழைக்கவில்லை." செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் குடிசை அது. ஏழு வயதில் ஒரு பையன். யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்துப் புகார் சொல்லியிருந்தார்கள். மேலதிகாரி மேடம் அறிக்கையைப் படித்துவிட்டுக் கேட்டார்: "பாத்திரமெல்லாம் சரி தம்பி. அந்தப் பையன் ராத்திரி பயந்து முழிச்சா யாருகிட்டப் போவான்?" எனக்குத் தெரியவில்லை. நான் அவனிடம் பேசவே இல்லை.

புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் செய்வது இந்தத் தவறைத்தான். வறுமையைப் பார்த்துவிட்டு அதற்கு அலட்சியம் என்று பெயர் வைப்பது. மாதக் கடைசியில் அரிசி டப்பா காலியாக இருந்தால் அது வருமானத்தின் கதை. இருக்கிற அரிசியில் முதல் சோறு யார் தட்டுக்குப் போகிறது என்பதுதான் வளர்ப்பின் கதை. இளைஞர் நீதிச் சட்டம் 2015, குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. "வீட்டில் ஒன்றும் இல்லை" என்று எழுதுகிறவர், அடுத்த பத்தியில் இதற்கான பரிந்துரையை எழுதினாரா என்று பாருங்கள். பல அறிக்கைகளில் இருக்காது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இங்கிலாந்தில் 2000-ல் வந்த மதிப்பீட்டுச் சட்டகம் எனக்கு உதவியது. பெற்றோரின் திறனை அது ஆறாகப் பிரிக்கிறது: அடிப்படைப் பராமரிப்பு, பாதுகாப்பு, பாசம், அறிவுத் தூண்டல், வழிகாட்டலும் கட்டுப்பாடும், நிலைத்தன்மை. கூடவே குழந்தையின் வளர்ச்சித் தேவைகளையும் குடும்பத்தின் சூழலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. நம் அறிக்கைகளில் பெரும்பாலும் முதல் இரண்டோடு பேனா நின்றுவிடும். இன்னொன்று, நம் அளவுகோல் உத்தமப் பெற்றோர் இல்லை. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், தாய் 'போதுமான அளவு நல்லவளாக' இருந்தால் போதும் என்றார். நம் வீட்டிலேயே யாராவது திடீரென்று நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றால் எத்தனை பேர் தேறுவோம்?

அடுத்தது முதல் அபிப்பிராயம். இதைத் தவிர்ப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பிரிட்டனில் 1973 முதல் 1994 வரை வெளியான 45 பொது விசாரணை அறிக்கைகளை சமூகப் பணி ஆய்வாளர் எய்லீன் மன்ரோ ஆராய்ந்து 1999-ல் எழுதினார். முதலில் எடுத்த முடிவை, எதிரான தகவல் வந்த பிறகும் திருத்திக்கொள்ளாமல் விட்டது திரும்பத் திரும்பக் காணப்பட்டது. நல்ல தாய் என்று ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால், பிள்ளையின் காயம்கூட 'விழுந்திருப்பான்' ஆகிவிடும். மோசமான தாய் என்று விழுந்தால் அவள் அழுவதும் நடிப்பு, அழாததும் திமிர். நான் இப்போது அறிக்கை எழுதும் முன் ஒரு தாளில், 'எது தெரிய வந்தால் என் முடிவை மாற்றுவேன்?' என்று கேட்டு இரண்டு வரி எழுதிக்கொள்கிறேன். எழுத ஒன்றும் வராவிட்டால் அந்த வீட்டுக்கு மறுபடி போக வேண்டும் என்று அர்த்தம்.

இந்தத் தவறு இரண்டு பக்கமும் வெட்டும். 1987-ல் இங்கிலாந்தின் கிளீவ்லாந்தில் சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். அதில் ஓர் உடல் அறிகுறிக்கு அளவுக்கு மீறிய எடை கொடுக்கப்பட்டது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானோர் பின்னால் வீடு திரும்பினார்கள். அதன் பிறகும் 'அரசாங்கம் மறுபடி வந்து பிள்ளையைத் தூக்கிப் போய்விடுமோ' என்ற பயத்தோடு வாழ்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கலாசாரத்தைக் காரணம் காட்டி விட்டுவிடுவதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். விக்டோரியா கிளிம்பியே மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் பிறந்த சிறுமி. பெற்றோரின் சம்மதத்தோடு உறவுக்காரப் பெண்ணுடன் லண்டன் வந்தவள். அந்தப் பெண்ணும் அவளுடைய காதலனும் செய்த சித்திரவதையில் 2000 பிப்ரவரி 25 அன்று எட்டு வயதில் இறந்தாள். உடலில் 128 காயங்கள். அந்த உறவினர் முன்னால் விக்டோரியா விறைப்பாக நிற்பாள் என்று தகவல் வந்தபோது, ஆப்பிரிக்க-கரீபியக் குடும்பங்களில் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை அப்படித்தான் என்று சமூகப் பணியாளர் எடுத்துக்கொண்டார். அவரும் கறுப்பினத்தவர்தான். எங்கள் வீட்டில் அவள் அப்படி நின்றதே இல்லை என்று பெற்றோர் பிறகு விசாரணையில் சொன்னார்கள். அந்த விசாரணையை நடத்திய லார்ட் லாமிங் 2003-ல் தந்த அறிக்கை 108 பரிந்துரைகளைக் கொண்டது. சமூகப் பணியாளர் அவளை நான்கு முறை சந்தித்தும், அவளோடு இருந்த மொத்த நேரம் அரை மணிகூட வராது என்பதும் அதில்தான் இருக்கிறது.

இது லண்டன் கதை என்று தள்ளிவிட முடியாது. 'நம்ம ஊர்ல அடிக்காம யாரு வளர்த்தா' என்பது நம் வாயிலும் வரும். அதைவிட மோசமானது, 'அவங்க சனங்க அப்படித்தான்' என்ற வாக்கியம். சாதியை வைத்து ஒரு பிள்ளையின் வலியைக் குறைத்து எடைபோடும் வாக்கியம் அது. அறிக்கையில் யாரும் எழுத மாட்டார்கள். ஜீப்பில் திரும்பி வரும்போது சொல்வார்கள், அப்புறம் முடிவு அதன்படியே போகும்.

தலையாட்டுவதை மாற்றம் என்று நம்புவதும் உண்டு. 2007-ல் லண்டனில் இறந்த 17 மாதக் குழந்தை பீட்டர் கானலியின் வீட்டுக்குச் சமூகப் பணியாளர் போனார். காயங்கள் தெரியாமலிருக்க முகத்தில் சாக்லேட் பூசி வைத்திருந்தார்கள். நான்கு நாளில் குழந்தை இறந்துவிட்டது. தாய் இனிமையாகப் பேசுகிறவள். அவளுடைய காதலன் அதே வீட்டில் இருந்ததை அதிகாரிகள் அறியவில்லை. ஆகவே முகத்தைத் துடைக்கச் சொல்லிப் பாருங்கள், சட்டையைக் கழற்றிப் பாருங்கள். வீட்டில் யார் யார் படுக்கிறார்கள் என்று கேளுங்கள். தாயை மட்டும் உட்கார வைத்து விசாரித்துவிட்டு 'தந்தை வேலைக்குச் சென்றுள்ளார்' என்று ஒரு வரியில் அப்பாவை முடிப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. அவர் வரும் நேரத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

எழுதும்போது அடைமொழிகளைக் குறையுங்கள். 'பொறுப்பற்ற தாய்' என்பது கருத்து. 'காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆகியும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. பஸ்ஸுக்குக் காசில்லை என்றார்' என்பது தகவல். குழந்தைகள் நலக் குழு முடிவெடுக்கத் தகவல்தான் வேண்டும்.

அந்தச் சூளைக்கு மறுபடி போனேன், மாலை ஆறரை மணிக்கு. பையனோடு வாசலில் உட்கார்ந்து கோலி ஆடினேன். மூன்றாவது ஆட்டத்தில் பேசினான். அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கே கல் அறுக்கப் போய்விடும், வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டுமாம். முழிப்பு வந்தால் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு விடியும்வரை எண்ணுவானாம், நூறுவரை, திரும்பத் திரும்ப. பாத்திரம் கழுவாமல் கிடந்ததற்கும் அந்த ரெண்டு மணிதான் காரணம். அறிக்கையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். விசாரணையை முடிப்பதற்கான 15 நாள் கெடு முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. பக்கத்துக் குடிசை ஆயா இரவில் வந்து படுக்க ஒத்துக்கொண்டார். நிதி ஆதரவுக்கும் எழுதிப் போட்டோம்.