ஆணையருக்கு ஒரு தொனி, சித்திக்கு ஒரு தொனி: கடிதம் எழுதும் முறை

தெருவிளக்குக்காக நகராட்சிக்கு நான் எழுதிய மனுவுக்குப் பலன் கிடைத்தது. அதன் பிறகு அக்கம்பக்கத்தார் தங்கள் மனுக்களையும் திருத்தித் தரச் சொல்லிக் கொண்டு வருகிறார்கள். பெரும்பாலானவை ஒன்று காலில் விழுகின்றன, இல்லையென்றால் சட்டையைப் பிடிக்கின்றன. இரண்டுமே காரியத்தைக் கெடுக்கும். அனுப்புநர், பெறுநர், இடம், நாள் எல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான் என்பதால் நேராகத் தொனிக்கு வருகிறேன்.

படி 1: யார் படிக்கப் போகிறார் என்று பாருங்கள்

ஆணையர் கையிலேயே கொடுத்தாலும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தாலும், மனு கடைசியில் உரிய பிரிவுக்குத்தான் போகும். அங்கே இருப்பவருக்குத் தெரிய வேண்டியது: எந்த இடம், என்ன குறை, எப்போதிலிருந்து. அவர் நேரத்தை வீணாக்காமல் எழுதுவதே பெரிய மரியாதை. பெறுநரும் சரியாக இருக்க வேண்டும். தெருவிளக்கு என்றதும் பலர் மின்வாரியத்துக்கு எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் அதைப் பராமரிப்பது உள்ளாட்சி அமைப்பு: ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி.

படி 2: விளி

"உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்" என்று முகவரியில் எழுதி, கீழே "ஐயா" அல்லது "அம்மையீர்" என்று தொடங்கினால் போதும். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் "ஐயா / அம்மையீர்". "மாண்புமிகு" அமைச்சர்களுக்கு உரியது. அதிகாரிக்குப் போட வேண்டாம். "அன்புள்ள ஐயா" எனக்குப் பிடிக்காது. மனுவில் அன்புக்கு வேலை இல்லை.

படி 3: வேண்டுகோள் வாக்கியம்

என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இந்த இடம்தான். என்னிடம் வரும் மனுக்கள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"எங்கள் தெரு மக்கள் இருளில் வாடுகிறோம். பலமுறை சொல்லியும் அதிகாரிகள் கும்பகர்ணன்போல் உறங்குகிறார்கள். தாங்கள் கருணைகூர்ந்து ஆவன செய்யுமாறு பாதம் பணிந்து வேண்டுகிறோம்."

திட்டும் கெஞ்சலும் மூன்றே வரிகளில். எந்தத் தெரு, எந்த விளக்கு என்பது மட்டும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

"எங்கள் பிள்ளையார் கோயில் தெருவில் ரேஷன் கடை முதல் அரசமரம் வரை உள்ள மூன்று தெருவிளக்குகள் (மின்கம்ப எண்கள் 14, 15, 16) கடந்த மாதம் 20ஆம் தேதியிலிருந்து எரியவில்லை. இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண்கள் இந்த வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. பழுதை நீக்கி விளக்குகளை எரியச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஒரே ஒரு "பணிவுடன்" போதும். "ஆவன செய்யுமாறு" என்ற தொடரை நான் அடித்துவிடுவேன். என்ன வேண்டும் என்பதை நீங்களே சொல்லாமல் படிப்பவர் தலையில் கட்டுவது அது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அதைச் சொல்ல மனுவில் "பார்வை" (முந்தைய கடிதங்களைக் குறிப்பிடும் வரி) என்ற இடம் இருக்கிறது. முன்பு கொடுத்த மனுவின் தேதியையும் ஒப்புகை எண்ணையும் அங்கே எழுதுங்கள். எத்தனை நாள் கிடப்பில் கிடந்தது என்பதைத் தேதியே உரக்கச் சொல்லும். உறங்குகிறார்கள் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை.

தனியாகக் கையெழுத்திட்டால் "கேட்டுக்கொள்கிறேன்". தெருவே கையெழுத்திட்டால் "கேட்டுக்கொள்கிறோம்". ஒரே மனுவில் இரண்டும் மாறி மாறி வந்தால் யார் கேட்கிறார்கள் என்றே புரியாது.

படி 4: வீட்டுக் கடிதம்

இங்கே எல்லாம் தலைகீழ். சித்திக்கு எழுதும்போது "தாங்கள்" வேண்டாம், "நீங்கள்" போதும். "தாங்கள்" என்றதும் எதிரே ஒரு மேசை முளைத்துவிடுகிறது. "நலம், நலமறிய ஆவல்" என்ற தொடக்கம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் துக்க வீட்டுக்கு எழுதும்போது அதை விட்டுவிட வேண்டும். "அன்னாரது மறைவு ஈடுசெய்ய இயலாத பேரிழப்பு" என்பதும் சுவரொட்டிக்கு உரியது. சித்தப்பாவை இழந்த சித்திக்கு அல்ல. அவருக்கு இப்படி எழுதலாம்:

"அன்புள்ள சித்திக்கு, சித்தப்பா ஊரிலிருந்து வரும்போதெல்லாம் எனக்கென்று தனியாகப் பனங்கிழங்கு கட்டி எடுத்து வருவார். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதினாறாம் நாளுக்கு முன்பே வந்து உங்களோடு இருக்கிறேன். பதில் எழுத வேண்டாம்."

இறந்தவரைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று, நீங்கள் செய்யப் போகும் ஒன்று. அதற்கு மேல் ஆறுதல் வாசகம் எதுவும் தேவையில்லை. இதைக் கையால்தான் எழுத வேண்டும் என்பேன். மனுவைத் தட்டச்சு செய்யுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள்.

பின்சேர்க்கை 1: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கவும் இதே தொனிதானா என்று சிலர் கேட்டார்கள். இல்லை, இன்னும் வறட்சியாக இருக்கலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(2) பிரிவுப்படி, தகவல் எதற்கு என்று காரணம் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே இருட்டு, பெண்கள், குழந்தைகள் எதுவும் வேண்டாம். "பொதுத் தகவல் அலுவலர்" என்று பெறுநரை எழுதி, கேள்விகளை எண்ணிட்டு, 10 ரூபாய் கட்டணத்தோடு அனுப்புங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். "எனது மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை தொடர்பான கோப்பின் நகல்" என்று கேளுங்கள். ஏன் என்பதற்கு விளக்கம் தரும் கடமை அவர்களுக்கு இல்லை. இருக்கும் ஆவணத்தைத் தரும் கடமை உண்டு.

பின்சேர்க்கை 2: பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிய ஒருவரின் மனு, அலுவலகத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்திருக்கிறது. மின்னஞ்சல் என்றால், தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடு மட்டுமே. கூடவே பிடிஎஃப் ஆகவும் இணைத்துவிடுங்கள்.