அமால்ஃபி: நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட தவறுகள்

போன ஜூன் மாதம் ஒரு நண்பன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். கார் ஸ்டியரிங், அதற்கு மேலே கண்ணாடி வழியாக நீலக் கடல், ஓரத்தில் வலை போர்த்திய எலுமிச்சைத் தோட்டம். கீழே ஒரே வரி: “மச்சி, அமால்ஃபி கோஸ்ட். ரோடு வேற லெவல்.” கடல் அழகைப் பற்றி நான் பதில் எழுதவில்லை. “ஊருக்குள்ள எங்கயாவது வெள்ளை வட்டத்துக்குச் சிவப்பு விளிம்பு போட்ட போர்டு பாத்தியா?” என்று கேட்டேன். “அது நெறைய இருக்கே, ஏன்?” என்றான்.

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். தெற்கு இத்தாலியின் இந்தச் சின்ன ஊருக்கு இதுவரை ஐந்து தடவை போயிருக்கிறேன். ஊரிலிருந்து யார் ஐரோப்பா வந்தாலும், திட்டம் போடுகிறபோது எனக்கு ஒரு போன் வரும். சொன்னதைக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு முதல் தடவை நான் எந்தக் குழியில் விழுந்தேனோ அதே குழியில் போய் விழுவார்கள். கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகும்போது தோளை மூடுங்கள், பர்ஸை முன் பாக்கெட்டில் வையுங்கள் என்பதெல்லாம் வேறு யாராவது சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கார் எடுப்பது

முதல் தடவை நானும் நேப்பிள்ஸ் விமான நிலையத்தில் இறங்கிய கையோடு வாடகைக் கார் எடுத்தேன். நாலு பேர், நாலு பெட்டி. வரைபடத்தில் பார்த்தால் அறுபது, எழுபது கிலோமீட்டர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம் என்று கணக்குப் போட்டோம். போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை.

எஸ்எஸ் 163 என்ற அந்தச் சாலை மேத்தாவில் தொடங்கி வியெத்ரி வரை சுமார் 50 கிலோமீட்டர் போகிறது. குதிரை வண்டிகள் ஓடிய 19ஆம் நூற்றாண்டில் மலைச்சரிவை வெட்டிப் போட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் குட்டைச் சுவர், சுவருக்குக் கீழே கடல். வளைவில் எதிரே பேருந்து வந்தால் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியது நீங்கள்தான், உங்களுக்குப் பின்னால் பதினைந்து வண்டி நின்றாலும் சரி. “ஊரே கடல் பாத்துச்சு, நீங்க மட்டும் பஸ்ஸோட பம்பரைப் பாத்தீங்க” என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஊருக்குள் வந்த பிறகு நிறுத்த இடம் கிடையாது. இரண்டு மலைகளுக்கு நடுவே, பள்ளத்தாக்கு கடலில் முடிகிற வாயில் இருக்கிற ஊர் அது. ஜனத்தொகை ஐயாயிரம் இருந்தால் அதிகம். காலி நிலம் என்பதே இல்லாததால் பாறையைக் குடைந்து லூனா ரோஸ்ஸா என்று ஒரு வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள். சீசனில் அது காலையிலேயே நிறைந்துவிடும். சாலையோரத்தில் நீலக் கோடு என்றால் காசு, மஞ்சள் கோடு நமக்கில்லை, வெள்ளைக் கோடு இலவசம். அந்த வெள்ளைக் கோட்டை நான் இந்தக் கரையில் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

இதுவரை சொன்னது வெறும் தலைவலி. செலவு இனிமேல்தான்.

இத்தாலிய ஊர்களின் பழைய பகுதிகளில் ‘ஸோனா ஆ த்ராஃபிகோ லிமிதாதோ’ என்று ஒன்று உண்டு. போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி. சுருக்கமாக இசட்.டி.எல். நுழைவாயிலில் நான் மேலே சொன்ன சிவப்பு விளிம்பு வட்டம், அதன் கீழே நேரம், பக்கத்தில் ஒரு கேமரா. பல இடங்களில் கூடவே ஒரு மின்பலகையும் இருக்கும். அன்று சாயங்காலம் இடம் தேடி அந்தக் கரையின் இன்னொரு ஊருக்குள் சுற்றியபோது அப்படி ஒரு பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எரிந்துகொண்டிருந்தது. வார்கோ என்றால் வாயில் என்பது வரை எனக்குத் தெரியும். அத்தீவோ என்றால் ஆக்டிவ். சரி, வாயில் இயங்குகிறது, அதாவது திறந்திருக்கிறது, போகலாம் என்று நானே ஒரு அர்த்தம் செய்துகொண்டு உள்ளே போனேன். இடம் கிடைக்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே வழியாகப் போனேன். பெட்டிகளை இறக்க மூன்றாவது தடவை.

அர்த்தம் நேர் எதிர். கேமரா இயங்குகிறது, உள்ளே வராதே என்பதுதான் அது. ‘நோன் அத்தீவோ’ என்று இருந்தால்தான் போகலாம்.

இதில் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது, அந்த நேரத்தில் எதுவுமே நடக்காது என்பதுதான். குறுக்குக் கட்டை இல்லை, போலீஸ்காரர் இல்லை, விசில் இல்லை. பயணம் முடிந்து ஊர் திரும்பி, படங்களை எல்லாருக்கும் அனுப்பி முடித்த பிறகு, ஒரு நாள் கிரெடிட் கார்டில் 45 யூரோ வீதம் மூன்று தடவை கழிந்திருந்தது. சரி, ஏதோ அபராதம், போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். அது அபராதமே இல்லை! கேமராவில் பதிவான வண்டி எண்ணை வைத்து நகராட்சி காரின் உரிமையாளரைக் கேட்கிறது. உரிமையாளரான வாடகைக் கம்பெனி ‘அன்றைக்கு ஓட்டியவர் இவர்’ என்று நம் முகவரியைக் கொடுக்கிறது. அப்படிக் கொடுத்ததற்கான கூலிதான் அந்த 45 யூரோ. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் அதற்கு நாமே கையெழுத்துப் போட்டிருப்போம். அசல் அபராதம் பல மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் வந்தது. மூன்று நுழைவு, மூன்று உறை. ஒவ்வொன்றும் அஞ்சல் செலவோடு நூறு யூரோவைத் தொட்டது.

ஒவ்வொரு நுழைவும் தனிக் குற்றம், ‘ஒரே சாயங்காலம்தானே’ என்று வாதாட முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப நகராட்சிக்கு 360 நாள் அவகாசம் உண்டு. கையில் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி, 60 நாளைத் தாண்டினால் தொகை ஏறிவிடும். நானோ விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டுப் பத்தாம் நாள் வந்து உறையைப் பிரித்தேன்.

வழிகாட்டும் செயலி சொன்னது என்பீர்கள். அதற்கு இந்த நேரக் கட்டுப்பாடெல்லாம் ஒழுங்காகத் தெரியாது. முன்னால் போன கார் போயிற்றே என்பீர்கள். அந்தக் காருக்கு அனுமதி இருக்கும், அவர் அந்தத் தெருக்காரர். ஹோட்டல் உள்ளே இருக்கிறதே என்றால், போகும் முன்பே ஹோட்டலுக்கு போன் செய்து வண்டி எண்ணைப் பதியச் சொல்லுங்கள். போய்விட்டுச் சொல்லலாம் என்று நினைத்தவர்கள் அபராதம் கட்டியிருக்கிறார்கள்.

இது போதாதென்று, கூட்டம் மிகுந்த நாட்களில் பகலில் இந்தச் சாலையில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் கட்டுப்பாடு வேறு. உங்கள் வாடகைக் கார் எண்ணின் கடைசி இலக்கம் அன்றைக்கு ஒத்துவராவிட்டால் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான். இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வர வேண்டும். அது இல்லாமலே சில கம்பெனிகள் கார் கொடுத்துவிடும். சாலையில் நிறுத்திக் கேட்கிறவர்கள் கம்பெனிக்காரர்கள் இல்லையே.

கார் இல்லாமல் போவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தபோதுதான் எனக்கு உண்மையில் வயிறு எரிந்தது. ரயிலில் சலெர்னோ என்ற பக்கத்து நகரம். ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் படகுத்துறை. அங்கிருந்து அமால்ஃபிக்குப் படகில் 35 நிமிடம், கடல் முழுக்கக் கண்ணுக்கு முன்னால். தெற்கே எங்கெங்கோ சுற்றக் கார் வேண்டுமென்றால் அதை சலெர்னோவில் நிறுத்திவிட்டுப் படகு ஏறுங்கள். குளிர்காலத்தில் படகு ஓடாது, கடல் கொந்தளித்தாலும் ஓடாது. அப்போது பேருந்து.

பேருந்தில் ஏறிய பிறகு டிக்கெட் கேட்பது

‘தபாக்கி’ என்கிற புகையிலைக் கடையில் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். கடல் தெரிய வேண்டுமென்றால், சொரெண்டோவிலிருந்து வந்தால் வலப்பக்கம் உட்காருங்கள், சலெர்னோவிலிருந்து வந்தால் இடப்பக்கம். வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கை. நடு வழியில் பொசிதானோவில் ஏறிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள், நிறைந்த பேருந்து நிற்காமல் போய்விடும்.

ஆகஸ்ட்

போகாதீர்கள். செப்டம்பர் கடைசியிலும் கடல் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

சக்கரம் வைத்த பெரிய பெட்டி

படிக்கட்டில் சக்கரம் உருளாது. ‘மையப்பகுதியில், கடல் காட்சியுடன்’ என்று போட்டிருக்கும் அறைக்குப் பணம் கட்டும் முன், சாலையிலிருந்து எத்தனை படி என்று கேளுங்கள்.

மணல் கடற்கரையை எதிர்பார்ப்பது

மெரினாவில் நடந்து பழகியவர்கள் முகம் சுருங்குவதைப் பல தடவை பார்த்துவிட்டேன். இங்கே மணல் இல்லை, கூழாங்கல். வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ரப்பர் செருப்பு வேண்டும். குடையும் சாய்வு நாற்காலியும் போட்ட பகுதிக்குக் கட்டணம். ஓரமாக ‘ஸ்பியாஜ்ஜா லீபெரா’ என்று இலவசப் பகுதி ஒன்று இருக்கும், அங்கே துண்டு விரிக்க இடம் வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள்.

ஊரை வெறும் கடற்கரை என்று நினைப்பது

அபராதத்துக்கு அடுத்து என்னைக் கடுப்பேற்றுவது இதுதான். படகில் இறங்குவார்கள், எலுமிச்சை ஐஸ்கிரீமோடு ஒரு படம், கோயில் படிக்கட்டில் ஒரு படம், அடுத்த படகு. வெனிஸ், ஜெனோவா, பிசா ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் கடல் குடியரசு இது, அதாவது கடல் வாணிபத்தால் வளர்ந்து தன்னைத்தானே ஆண்ட நகரம். ஜெனோவாவும் பிசாவும் தலையெடுக்கும் முன்பே கிழக்கோடு வாணிபம் செய்தது. அந்தக் கோயிலின் 62 படிகளுக்கு மேலே உள்ள வெண்கலக் கதவை 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் வார்த்துக் கொண்டுவந்தார்கள். 1135இலும் 1137இலும் பிசாக்காரர்கள் வந்து கொள்ளையடித்தார்கள். 1343இல் கடல் பொங்கி ஊரின் கீழ்ப்பகுதியையே விழுங்கியது. இன்று ஊர் இவ்வளவு சின்னதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிய தெருவில் கடைசி நினைவுப்பொருள் கடையைத் தாண்டி யாரும் போவதில்லை. மேலே ஏறிக்கொண்டே இருங்கள். அந்தத் தெருவுக்கு அடியில் கன்னெத்தோ என்ற ஆறு ஓடுகிறது. தெரு என்று நாம் நடப்பது ஆற்றை மூடிய கூரை. மேலே போகப் போகக் கூட்டம் குறைந்து தண்ணீர்ச் சத்தம் கேட்கும். அந்தத் தண்ணீரால்தான் இங்கே காகித ஆலைகள் ஓடின. பழந்துணியைத் தொட்டியில் போட்டு, நீர்ச்சக்கரம் தூக்கிப் போடும் மரச் சுத்தியல்களால் கூழாக இடித்துக் காகிதம் செய்வார்கள். ‘பம்பாஜினா’ என்று பெயர். பழைய ஆலை ஒன்று இப்போது காகித அருங்காட்சியகம், சுத்தியல்களை இயக்கியே காட்டுகிறார்கள். நான் போனபோது ஒரு தாள் செய்து பார்க்கவும் விட்டார்கள். வெளியில் விற்கும் எலுமிச்சைப் படம் போட்ட தட்டை விட அந்தத் தாள் எனக்குப் பெரிது.

பேருந்து நிற்கும் சதுக்கத்தில் ஒரு சிலை உண்டு: ஃபிளாவியோ ஜோயா, திசைகாட்டியைக் கண்டுபிடித்தவராம். அப்படி ஒருவர் இருந்ததாகவே தெரியவில்லை. திசைகாட்டியின் பயன் அமால்ஃபியில் கண்டறியப்பட்டதாக ஃபிளாவியோ பியோந்தோ என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருந்தார். பிறகு வந்தவர் ‘ஃபிளாவியோ சொல்கிறார்’ என்று குறிப்பிட்டதை, காற்புள்ளி இடம் மாறியதில், ‘ஃபிளாவியோ கண்டுபிடித்தார்’ என்று படித்துவிட்டார்கள். தப்பாகப் படித்ததற்கு எனக்கு மூன்று உறை, இவர்களுக்கு ஒரு சிலை.

ஒரே நாளில் நாலு ஊர்

காலையில் பாம்பேய், மத்தியானம் பொசிதானோ, சாயங்காலம் அமால்ஃபி, இடையில் ரவெல்லோ. இந்தப் பட்டியலை அனுப்பாதவர்களே இல்லை. எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகருக்கே ஒரு நாள் போதாது. ரவெல்லோ வேண்டுமா, அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். 1880இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் வந்து தன் ஓபராவின் மந்திரத் தோட்டத்தைக் கண்டதாகச் சொன்ன வில்லா ரூஃபோலோ மாளிகை அங்கேதான் இருக்கிறது. நேரம் மிஞ்சினால் பொசிதானோவுக்கு ஓடாமல் பக்கத்து அத்ரானிக்கு நடந்து போங்கள். பத்து நிமிடம்தான். பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய நகராட்சி, அதன் சதுக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்க ஒரு மணி நேரம் போதும்.

பளபளக்கும் மஞ்சள் லிமோன்செல்லோ

லிமோன்செல்லோ என்பது எலுமிச்சை மது. பாட்டிலில் ஒட்டிய சீட்டைப் படியுங்கள்: எலுமிச்சைத் தோல், ஆல்கஹால், சர்க்கரை, தண்ணீர். ஐந்தாவதாக நிறமி இருந்தால் வைத்துவிடுங்கள்.

கடைசிப் படகில் திரும்பிவிடுவது

இரண்டாவது பயணத்தில் கடைசிப் படகைத் தவறவிட்டேன். மாதத்துக்கு மாதம் நேரம் மாறும் என்று தெரியாமல் பழைய அட்டவணையைப் பார்த்த என் தப்புதான். துறையில் நின்று திட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பகலில் தோள் இடிக்காமல் நடக்க முடியாத சதுக்கம் காலியாக இருந்தது. கடைக்காரர்கள் தட்டிகளை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் படிகளில் பையன்கள் பந்து உதைத்தார்கள், அது உருண்டு இறங்கும்போதெல்லாம் நீரூற்றருகே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி காலால் தடுத்துத் திருப்பி அனுப்பினார். நான் ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தேன். சலெர்னோவுக்குப் போகும் பேருந்தில் முழுதும் நின்றுகொண்டே போனேன். மூன்றாவது தடவையிலிருந்து அங்கேயே இரண்டு இரவு தங்குகிறேன், தொண்ணூற்று நாலு படி ஏறி.