மூச்சு சொல்லும் வேகம்: கொடைக்கானலில் நெடுந்தொலைவு ஓடத் தொடங்குவோருக்கு

ஆண்டுதோறும் ஜனவரி முதல் வாரத்தில் கொடைக்கானல் ஏரிச்சாலையில் புதிய காலணிகள் நிறையத் தென்படும். பொங்கல் முடிந்து தைப்பூசம் நெருங்கும்போது அவற்றில் பலவற்றைக் காண முடிவதில்லை. விட்டுவிட்டவர்களைக் கேட்டால் குளிர், நேரமின்மை, முழங்கால் வலி என்று காரணங்கள் வரும். நான் பேசிப் பார்த்த அளவில், அவர்களில் பெரும்பாலோர் உடல் தாங்காத வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு காலையையும் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் தண்டனையாக ஆக்கிக்கொண்டவர்கள். அதே நாட்களில் மலையடிவாரச் சாலைகளில் பழனிக்குப் பாதயாத்திரை செல்பவர்களைப் பாருங்கள். முதியவர்களும் சிறுவர்களும் உட்பட, பேசிக்கொண்டும் முருகன் பாடல்களைப் பாடிக்கொண்டும் நாள்கணக்கில் நடந்துபோகிறார்கள். பாட்டு நின்றுபோகும் அளவுக்கு எவரும் விரைவதில்லை. ஓடத் தொடங்குபவரும் அந்த அளவையே கைக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள படிகள் எல்லாம் அதிலிருந்து வந்தவையே.

முதல் படி: இடமும் நேரமும்

மலையூரில் சமதளமான சாலை கிடைப்பது அரிது. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சின் முயற்சியால் 1863இல் உருவான ஏரியைச் சுற்றி, ஏறத்தாழ 5 கி.மீ. நீளத்துக்குப் பெரிய ஏற்ற இறக்கமில்லாத சாலை நமக்கு வாய்த்திருக்கிறது. முதல் மூன்று மாதங்களுக்கு அதை விட்டு வேறு எங்கும் போக வேண்டாம். வானியல் ஆய்வகத்துக்கு ஏறும் சாலையும் வட்டக்கானலுக்கு இறங்கும் சாலையும் அழகானவைதாம், அவை காத்திருக்கும்.

விடியற்காலையே ஏற்ற நேரம். ஆனால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே புறப்பட வேண்டும், ஏனெனில் காட்டெருமைகள் ஊருக்குள்ளும் நடமாடுகின்றன. மூடுபனியில் அவை அருகில் வந்த பிறகே கண்ணுக்குத் தெரியும். எதிரே ஒன்றைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி, சத்தமிடாமல், பார்வையை விலக்காமல், வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். அன்றைய ஓட்டம் அத்துடன் முடிந்தாலும் குற்றமில்லை. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் படி: பேச்சால் வேகத்தை அளத்தல்

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கும் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் சமவெளியில் உள்ளதுதான். ஆனால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. திண்டுக்கல்லிலோ மதுரையிலோ ஓடிப் பழகியவர் இங்கே வந்து அதே வேகத்தில் ஓட முயன்றால், சில நிமிடங்களில் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார். அது அவருடைய குறையன்று. இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கும் பயிற்சி இல்லையென்றால் இதே நிலைதான்.

ஆகவே கைக்கடிகாரத்துக்குப் பதில் பேச்சை அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொற்களுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தால் அது மிகை. தனியாக ஓடுபவர்கள் திருக்குறள் ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாம். ஏழு சீரும் ஒரே மூச்சில் வந்துவிட்டால் போதும். ஏரிக்கரையில் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்ததுண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொடக்கத்தில் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மாறி மாறி இருபத்தைந்து நிமிடங்கள், வாரத்தில் மூன்று நாள் செய்யுங்கள். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஓட்டப் பகுதியில் ஒரு நிமிடம் கூட்டுங்கள். இடையில் நடப்பது இழுக்கு என்று எண்ணுபவர்கள் உண்டு. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் காலோவே, ஓட்டமும் நடையும் கலந்த இந்த முறையைத்தான் பல ஆண்டுகளாகப் பரப்பினார். முழு மாரத்தானின் 42.195 கி.மீ. தொலைவையே இப்படிக் கடந்தவர்கள் ஏராளம்.

மூன்றாம் படி: எண்களைத் தள்ளிவைத்தல்

இதில்தான் நான் தவறினேன். முதல் ஆண்டில் கைப்பேசிச் செயலி ஒன்றை இயக்கிக்கொண்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சொல்லும் நேரத்தைக் கேட்டபடி ஓடினேன். முதல் சில வாரங்களில் நேரம் குறையக் குறைய உற்சாகம் பெருகியது. பிறகு அது குறைவது நின்றது. புதிய உடலில் முன்னேற்றம் வேகமாக வந்து, பின்னர் மெதுவாவது இயல்பு என்பது எனக்குத் தெரியாது. மூன்றாம் மாதம் அலாரம் அடித்தாலே எரிச்சல் வந்தது. ஏரியில் அன்று பனி இருந்ததா, வெயில் இருந்ததா என்பதுகூட நினைவில் நிற்கவில்லை.

எட்வர்ட் டெசி என்னும் உளவியலாளர் 1971இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்கள் விரும்பிச் செய்யக்கூடிய ஒரு புதிருக்குச் சிலருக்கு மட்டும் பணம் கொடுத்தார். பணம் நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தாமாக எடுத்து விளையாடும் நாட்டம் அவர்களிடம் குறைந்திருந்தது. செயலி தரும் பதக்கங்களும் நண்பர்கள் போடும் விருப்பக்குறிகளும் எனக்கு அந்தப் பணத்தைப் போலவே ஆகியிருந்தன.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. முதல் மூன்று மாதங்கள் எத்தனை நிமிடம் ஓடினீர்கள் என்பதை மட்டும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள்; தொலைவோ வேகமோ வேண்டாம். அதனருகில் அன்று கண்ட ஒன்றை ஒரு வரியில் குறியுங்கள். என் நோட்டில் "குதிரைக்காரர் குதிரையோடு பேசிக்கொண்டிருந்தார்", "யூகலிப்டஸ் வாசனை, இரவு மழை" என்பன போன்ற வரிகள் பக்கம் பக்கமாக உள்ளன. எந்த நாளில் எத்தனை நிமிடம் ஓடினேன் என்பதை நான் பின்னர் தேடிப் பார்த்ததில்லை. இந்த வரிகளைப் பலமுறை படித்திருக்கிறேன்.

நான்காம் படி: முதல் பதினைந்து நிமிடங்களை நம்பாதிருத்தல்

எத்தனை ஆண்டு ஓடியவருக்கும் தொடக்கம் கனமாகவே இருக்கும். தசைகளுக்கு இரத்த ஓட்டம் கூடி, மூச்சு ஒரு சீருக்கு வரச் சிறிது நேரம் பிடிக்கிறது. மார்கழிக் குளிரில் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். அதனால் "இன்று வேண்டாம்" என்று தோன்றினால், பதினைந்து நிமிடம் கழித்து முடிவெடுப்பதாக உங்களுடன் உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள். அப்போதும் வேண்டாமென்று தோன்றினால் மனத்தாங்கல் இல்லாமல் திரும்பி, ஒரு சுக்குக் காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நீண்ட ஓட்டத்தில் வரும் இதமான உணர்வுக்கு உடலின் இயற்கை வலிநீக்கியான எண்டார்பினே காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. எண்டார்பினின் செயலை மருந்தால் தடுத்த பிறகும் 45 நிமிடம் ஓடியவர்களுக்கு அந்த உணர்வு வந்ததாக ஜெர்மனியில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இப்போது ஆய்வாளர்களின் கவனம், உடலே சுரக்கும் ஆனந்தமைடு போன்ற பொருள்களின் மீது இருக்கிறது. 1992இல் ஜெருசலேமில் அதைக் கண்டறிந்தவர்கள் நம் "ஆனந்தம்" என்ற சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த உணர்வு எல்லா நாளும் வராது. அதற்காகக் காத்துக்கொண்டு ஓடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஐந்தாம் படி: இறக்கத்தை மதித்தல்

தொலைவைக் கூட்டும்போது வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறையுங்கள். நான்காம் மாதம் முதல் ஏற்றங்களில் ஓடலாம். மலையில் புதியவர்களைக் கிடத்துவது ஏற்றமன்று, இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குவதால் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. வலி அன்று தெரியாமல் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உச்சத்துக்கு வரும். முதல் சில முறை ஏறும்போது ஓடுங்கள், இறங்கும்போது நடங்கள். பிறகு காலடிகளைச் சிறிதாக்கி, குதிகாலை முன்னே வீசி ஊன்றாமல் இறங்கப் பழகுங்கள்.

மழையால் நாட்கள் தவறினால், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில், அவற்றை ஈடுகட்ட முயல வேண்டாம். விட்ட இடத்திலிருந்து சற்றுக் குறைத்துத் தொடங்கினால் போதும்.

ஆறாம் படி: பந்தயம், வேண்டுமானால்

இடையில் நிற்காமல் ஒரு மணி நேரம் ஓட முடிந்த பிறகு 10 கி.மீ. பந்தயம் ஒன்றில் பெயர் கொடுக்கலாம். மலையில் பழகியதால் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ பறந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஆக்சிஜன் மிகுதியாகக் கிடைத்தாலும், குளிருக்குப் பழகிய உடலை அங்குள்ள வெப்பமும் ஈரப்பதமும் தளர்த்திவிடும். முடித்தால் போதும் என்ற எண்ணத்துடன் போங்கள். 2000ஆம் ஆண்டில் லண்டனில் தம் முதல் மாரத்தானை ஓடியபோது ஃபௌஜா சிங்குக்கு வயது 89. முப்பது வயதில் அவசரப்படுபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

பந்தயம் முடிந்து ஊர் திரும்பியதும் இரண்டு வாரங்கள் எந்தத் திட்டமும் இல்லாமல் ஏரியைச் சுற்றுங்கள். அப்போது ஒன்றைச் செய்து பாருங்கள். கோயிலை வலம் வரும் பழக்கத்தாலோ என்னவோ, நம்மில் பலர் ஏரியையும் எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றுகிறோம். சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், ஒரே பக்கமாக ஓடுபவரின் ஒரு கால் மட்டும் நாள்தோறும் தாழ்ந்த பக்கத்தில் ஊன்றுகிறது. எதிர்த்திசையில் ஓடும்போது அந்தச் சுமை மற்றக் காலுக்கு மாறும். அதோடு, இத்தனை மாதங்களாக முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த கரை முழுவதும் முகத்துக்கு நேரே வரும்.