சீட்டுக்குப் பின்னால் தேங்கிய மழை

என் 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைப் புதுப்பிக்கப் பிரித்தபோது, இடப்பக்கக் கார்பெட் மட்டும் ஊறிக்கிடந்தது. துணிக்கூரை கிழிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அதுவோ நன்றாக இருந்தது.

கூரையில் விழும் மழை, அதன் பின்விளிம்பில் உள்ள வாய்க்காலில் ஓடி, கதவுகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு குழாய்களில் இறங்கி, வண்டிக்கு அடியில் வடிய வேண்டும். சீட்பெல்ட் அருகே டார்ச் அடித்துப் பார்த்தேன். மக்கிய இலை, ஊறிய காபித்தூள் மாதிரி குழாய் வாயை அடைத்திருந்தது.

கம்பி விட்டுக் குத்தவில்லை. குழாய் கிழிந்தால் தண்ணீர் உள்ளேயே இறங்கும், அப்புறம் துருதான். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் இழையை விட்டு மெல்ல ஆட்டினேன். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு குபுக்கென்று கறுப்பாய்க் கொட்டியது. கார்பெட் காயத்தான் ஒரு வாரம் ஆயிற்று.