பனிக்காலத்துக்கு முன்னால் கார்: பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்

கார் பழுது பார்ப்பதுதான் என் தொழில். முதல் உறைபனி விழுந்த காலையில் பட்டறைக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, இன்னிக்கு செல்ஃபே எடுக்கலை." அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த பேட்டரி கோடை வெப்பத்திலேயே நலிந்து போயிருக்கும். வெளியே தெரிவதற்குக் குளிர் வரவேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதனால், பகலிலேயே 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் நாட்கள் வருவதற்கு முன், மழையில்லாத ஒரு பகலை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். கை விறைத்துப்போன பிறகு ஆரம்பித்தால் பாதி வேலையை விட்டுவிடுவீர்கள்.

மைனஸ் 18 டிகிரியில் சாதாரண ஈய-அமில பேட்டரி தன் திறனில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும். இன்ஜின் ஆயிலும் அதே நேரத்தில் கெட்டிப்படுவதால், இன்ஜினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக சக்தி வேண்டும். வரவு குறைகிற நேரத்தில் செலவு கூடுகிற கதை. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. வோல்டேஜ் நன்றாக இருந்தும் ஸ்டார்ட் செய்யும்போது படுத்துவிடும் பேட்டரிகள் உண்டு. எனவே நான்கைந்து வருடம் ஓடிய பேட்டரி என்றால் பட்டறையில் லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்துவிடுங்கள். புதிது வாங்கினால், மேலே அச்சிட்டிருக்கும் சி.சி.ஏ. எண் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. கடுங்குளிரில் எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதைச் சொல்லும் எண் அது.

பேட்டரி நல்லதாக இருந்தும் டெர்மினலால் நிற்கும் வண்டிகள் ஏராளம். பானட்டைத் திறந்து, டெர்மினலைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் அது லூஸ்தான். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ் என்று கழற்றுங்கள். தண்ணீரில் சோடா உப்பைக் கரைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்கும்வரை தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் மறுபடி சீக்கிரம் பூக்காது.

அடுத்தது டயர். வாடிக்கையாளர்களோடு நான் அதிகம் வாதாடுவது இதில்தான். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப்போய் ரோட்டைப் பிடிக்காது. பனி விழாத காய்ந்த ரோட்டிலும் இதே கதைதான். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மிருதுவாக இருக்கும். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் உள்ள மலையும் அதற்குள் பனிப்படிகமும் இருக்கிறதா என்று பாருங்கள். அது பனியில் ஓட்டிச் சோதித்த பிறகு தரப்படும் குறி. வெறும் 'எம்+எஸ்' (சேறு, பனி) என்று இருந்தால் போதாது. எந்தச் சோதனையும் இல்லாமல் டயர் கம்பெனியே அதை அச்சிட்டுக்கொள்ளலாம். நான்கு சக்கரத்துக்கும் மாற்றுங்கள். காசை மிச்சப்படுத்த முன்னால் மட்டும் இரண்டு போட்டால், வளைவில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வண்டியே சுழன்றுவிடும். பட்டன் (டயரின் வெட்டுப்பள்ளம்) ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே போன டயரைப் பனியில் நம்பாதீர்கள்.

காற்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறையும். 25 டிகிரியில் அடித்த காற்று மைனஸ் 5 டிகிரிக் காலையில் 5 பி.எஸ்.ஐ. குறைவாக இருக்கும். மாதம் ஒருமுறையாவது, வண்டி ஓடுவதற்கு முன்பே அளந்து நிரப்புங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. பனியில் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று யாராவது சொன்னால், தார் ரோட்டில் கேட்காதீர்கள்.

கூலன்ட்டில், அதாவது ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவத்தில், பலரும் நினைப்பது தலைகீழ். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தண்ணீரே கலக்காத சுத்த கிளைக்காலோ மைனஸ் 13 டிகிரிக்குப் பக்கத்திலேயே உறைந்துவிடும். 'இன்னும் கொஞ்சம் கெட்டியாக ஊற்றுவோம்' என்பது உதவாது. உறைநிலை பார்க்கும் சின்னச் சோதனைக் கருவி கிடைக்கும், அளந்தே ஊற்றுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், உயிரே போய்விடும்.

கண்ணாடி கழுவும் தொட்டியில் தண்ணீர் இருந்தால் காலி செய்து, மைனஸ் 20 அல்லது 30 டிகிரி தாங்கும் திரவத்தை ஊற்றுங்கள். தண்ணீர் உறைந்தால் தொட்டியே விரிசல் விடும். வைப்பர் ரப்பர் கோடு விட்டால் மாற்றுங்கள். உள்பக்கம் ஆவி படிந்தால் ஏ.சி.யைப் போட்டு, காற்றை வெளியிலிருந்து எடுக்கும்படி வையுங்கள். குளிரில் எதற்கு ஏ.சி. என்று கேட்பார்கள், காற்றின் ஈரத்தை அதுதான் எடுக்கிறது. பனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும். கதவு ரப்பரில் சிலிக்கோன் தடவிவிட்டால் ஒட்டிக்கொள்ளாது.

இன்ஜின் ஆயில் கையேட்டில் சொன்ன 'டபிள்யூ' எண்ணுக்கு (குளிரில் ஆயில் எவ்வளவு கெட்டிப்படும் என்பதைச் சொல்லும் எண்) மேல் வேண்டாம். டேங்க்கைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள், வழியில் மாட்டிக்கொண்டால் ஹீட்டருக்கு அதுதான் ஆதாரம். டீசல் வண்டிக்குக் குளிர்கால டீசல் வேண்டும். சாதாரண டீசலில் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும். மின்சாரக் காராக இருந்தால், சார்ஜரில் இருக்கும்போதே உள்ளே சூடாக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

டிக்கியில் சுரண்டி, சிறிய மண்வெட்டி, ஒரு பை மணல், ஜம்பர் கேபிள் (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கம்பி), கம்பளி, டார்ச், கையுறை போட்டு வையுங்கள். ஜம்பர் கேபிளின் கடைசி கருப்பு முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாதீர்கள், தள்ளி இன்ஜினின் வெற்று உலோகத்தில் மாட்டுங்கள். தீப்பொறி பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் போகாமல் இருக்கும். உறைந்து உப்பிய பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கவே கூடாது.

பனியில் சிக்கி நின்றுவிட்டால், ஹீட்டருக்காக இன்ஜினைப் போடுவதற்கு முன் இறங்கி சைலன்சர் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முழுக்க வாரித் தள்ளிய பிறகே இன்ஜினைப் போடுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். பனி விழுந்துகொண்டே இருந்தால் மறுபடி போடுவதற்கு முன்னாலும் இறங்கிப் பார்க்க வேண்டும்.