செஸ்னா 310 போட்டோவ பார்த்தே எந்த வருஷ மாடல்னு சொல்றது எப்படி

பழைய ரெட்டை இன்ஜின் குட்டி விமானம்னா நிறைய பேருக்கு செஸ்னா 310தான் முதல்ல ஞாபகம் வரும், 1953 ஜனவரி 3ல முதல் தடவ பறந்துச்சு, 1954ல இருந்து 1980 வரைக்கும் அமெரிக்காவுல கான்சாஸ் விச்சிட்டாவுல செஞ்சாங்க. இத்தனை வருஷத்துல அங்கங்க மாத்திக்கிட்டே வந்ததால வயசு உடம்புலயே எழுதியிருக்கும், பார்க்கத் தெரிஞ்சா போதும்.

முதல்ல வால பாருங்க. செங்குத்தா நிமிர்ந்து நின்னா 1960க்கு முன்னாடி உள்ளது, பின்னாடி சாஞ்சிருந்தா 1960ல வந்த 310டியோ அதுக்குப் பிந்தினதோ (310க்குப் பின்னாடி வர்ற இங்கிலீஷ் எழுத்துதான் மாடல் பேரு). சாஞ்ச வால் வேகத்துக்குன்னு நினைக்காதீங்க, இந்த வேகத்துல அதனால பெருசா ஒன்னும் கிடைக்காது, ஸ்டைலுக்குதான்!

அடுத்து இறக்கை நுனியில இருக்கற பெட்ரோல் டேங்க். நிமிர்ந்த மாதிரி ஒட்டியிருந்தா பழசு, வெளிப்பக்கமா சாஞ்சு கூரா இருந்தா 1962ல வந்த 310ஜியோ அதுக்குப் பிந்தினதோ. இதுல ஒரு கூத்து, மெயின் டேங்க்னு சொல்றது இறக்கைக்குள்ள இருக்கறத இல்ல, இந்த நுனியில இருக்கறதத்தான், உள்ள இருக்கறது ஆக்ஸிலரி, அதாவது துணை டேங்க். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்ல மிச்சமாகுற பெட்ரோல் மெயினுக்கே திரும்பி வரும், அதனால மெயின்ல கொஞ்ச நேரம் ஓட்டி இடம் காலி பண்ணிட்டுத்தான் ஆக்ஸிலரிக்கு மாறணும், இல்லன்னா நிரம்பி வெளிய கொட்டிடும்.

அப்புறம் ஜன்னல். 1961 எஃப் மாடல்ல பக்கத்துக்கு ஒரு ஜன்னல் கூட வந்துச்சு, 1966 கே மாடல்ல பின்னாடி இருந்த ரெண்டையும் சேத்து ஒரே நீள ஜன்னலாக்கிட்டாங்க.

மூக்கு நீளமா துருத்திட்டு இருந்தா யோசிக்கவே வேணாம், 1975ல வந்த 310ஆர், உள்ள லக்கேஜ் வைக்க இடம், 285 குதிரைசக்தி இன்ஜின் ரெண்டு. முதல் மாடல்ல 240தான்.

310ஏ, 310இ ரெண்டு மாடலும் எங்கன்னு தேடி அலையாதீங்க, ரெண்டும் அமெரிக்க விமானப்படைக்குப் போன மாடல். நீலமும் வெள்ளையுமா பெயின்ட் அடிச்சிருந்ததால ப்ளூ கேனூ, அதாவது நீலப் படகுன்னு செல்லப்பேரு.

இன்ஜினையும் ப்ரொபெல்லரையும் வச்சு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க, நிறைய விமானத்துல அப்புறமா மாத்தியிருப்பாங்க. சந்தேகம்னா உடம்புல N எழுத்துல ஆரம்பிக்கற அமெரிக்கப் பதிவு நம்பர் தெரியுதான்னு பாருங்க, அத எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை) பதிவேட்டுல போட்டா மாடல் எழுத்தோட வந்துரும்.