தோட்டப் பள்ளி ஃபில்டர் ஏன் அடைத்தது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நாங்கள் மாட்டிய கார்பன் ஃபில்டர் அடிக்கடி அடைத்துக்கொண்டது. ஃபில்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, கோளாறு மேலே. தொட்டி மூடியைத் திறந்தால், அடியில் காப்பித்தூள் மாதிரி வண்டல்!

"அண்ணே, இதையா பிள்ளைங்க குடிக்குதுங்க?" என்று கூட வந்த தம்பி பதறிப்போனான்.

கோத்தோங் ரோயோங் (ஊர்கூடிச் செய்யும் வேலை) போட்டு வண்டலை வாரினோம். சுவரைத் தேய்த்து, குளோரின் தண்ணீரில் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசினோம். கார்பனுக்கு முன்னால் 5 மைக்ரான் வண்டல் ஃபில்டர் ஒன்றும் சேர்த்தோம்.

ஒன்றை மறக்கவே கூடாது: தண்ணீரில் கிருமியைத் தடுக்கும் குளோரினையும் கார்பன் எடுத்துவிடும். அதனால் வடிகட்டிய தண்ணீரைப் பிடித்துவைத்தால் கிருமி வளரும். பிள்ளைகள் இப்போது குழாயிலிருந்து நேராகப் போத்தலில் பிடிக்கிறார்கள். வண்டல் ஃபில்டருக்குள் இருக்கும் வெள்ளைக் காட்ரிட்ஜ் பழுப்பானதும் மாற்றும் பொறுப்பு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துடையது.